குடிக்கூலி வீடுகளும் நகரசபையின் கடமையும்

கூரை ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏறி நிற்கிறது, குழாயில் தண்ணீர் வருவதில்லை. குடியிருப்பவர் வீட்டுக்காரரிடம் முறையிடுகிறார். "இஷ்டமிருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள்" என்பது விடை. உலகத்துப் பெருநகரங்களில் இந்தச் சம்பாஷணை கேளாத நகரம் ஒன்றேனும் உண்டா? மாதந் தவறாமல் குடிக்கூலி பெறுகிறவருக்கு வீட்டைச் செப்பனிடும் கடமை உண்டு என்பதை இன்று மறுப்பாரில்லை. அக்கடமையை அவர் நிறைவேற்றுமாறு செய்ய வேண்டியவர் யார் என்பதே கேள்வி. ஏழைக் குடித்தனக்காரர் தனியொருவராய் நின்று போராடுவதா? நகரசபை முன்வந்து கேட்பதா? இதற்கு விடை காண விரும்புவோர் நியூயார்க் நகரத்தின் அனுபவத்தை ஆராய்தல் நலம். வெறுஞ் சட்டத்தை நம்பி முப்பத்துநான்கு ஆண்டுகள் ஏமாந்து, பின்னர் விழித்துக்கொண்ட நகரம் அது.

ஏட்டளவில் நின்ற சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஏழை மக்கள் லட்சக்கணக்காக நியூயார்க்கில் வந்திறங்கினர். அவர்களுக்கென்று 25 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள மனைகளில் ஐந்தடுக்கு, ஆறடுக்கு வீடுகள் எழும்பின. தெருவைப் பார்த்த அறைக்கும் கொல்லையைப் பார்த்த அறைக்கும் மட்டுமே வெளிச்சம் உண்டு. நடுவிலுள்ள படுக்கை அறைகளில் பகலும் இரவும் ஒன்றே. கக்கூஸ் பின்கட்டு முற்றத்தில். தண்ணீர்க் குழாயும் பல வீடுகளில் அங்கேதான்.

இக்கொடுமையைக் கண்டு ராஜ்ய சட்டசபை 1867-ம் ஆண்டில் முதற் சட்டத்தை இயற்றியது. தீப்பிடித்தால் தப்பிச் செல்ல வழி வேண்டும். இருபது பேருக்கு ஒரு கக்கூஸாவது இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. 1879-ல் வந்த சட்டம், புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளிக் காற்று வரும் ஜன்னல் வேண்டும் என்றது. வீட்டுக்காரர்கள் என்ன செய்தனர்? இரு வீடுகளுக்கிடையே மிகக் குறுகிய சந்து ஒன்றை விட்டு, அதற்குள் ஜன்னலைத் திறந்து வைத்தனர். சட்டத்தின் சொல் நிறைவேறிவிட்டது. மேல்மாடியிலிருந்து எறிந்த குப்பை அச்சந்தில் குவிந்து நாறியது. துர்நாற்றம் வீசும் ஜன்னலை மக்கள் அடைத்து வைத்தனர். தீப்பிடித்த காலத்திலோ அச்சந்தே புகைபோக்கியைப் போல் நெருப்பை மாடிக்கு மாடி இழுத்துச் சென்றது.

சட்டம் தோற்றதன் காரணம் தெளிவு. அதனை அமுல் நடத்தும் பொறுப்பு, வேறு நூறு வேலைகளைச் சுமந்து நின்ற சுகாதார இலாகாவிடம் இருந்தது. இருந்த பரிசோதகரோ சிலர், வீடுகளோ பல்லாயிரம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் நம் பழமொழி அந்நகரத்துக்கு நன்கு பொருந்தியது.

எதிர்த்தவர்கள் பேராசைக்காரர் மட்டுமே என்று நினைத்தலும் பிழை. ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் அளிக்க வேண்டும் என்று 1887-ல் ஏற்பட்ட விதியை எதிர்த்து நியாயஸ்தலம் ஏறியது, பெருஞ்சொத்துக்களுக்கு உடையதான டிரினிடி சர்ச் என்னும் மாதா கோயில் ஸ்தாபனம். நஷ்ட ஈடின்றிச் செலவு செய்யச் சொல்வது சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்று அது வாதித்தது. பொதுஜன ஆரோக்கியத்தின் பொருட்டு நியாயமான செலவைச் சுமத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ராஜ்யத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் 1895-ல் தீர்ப்பளித்தது. ஒரு குடம் தண்ணீருக்காகக் குழந்தையை இடுப்பில் சுமந்து நாலு மாடி இறங்கி ஏறிய தாய்மார்கள் அத்தீர்ப்புக்கு எட்டாண்டுகள் காத்திருந்தனர்.

கணக்கெடுத்துக் காட்டியவர்கள்

நகரத்தின் மனச்சாட்சி எவ்வாறு எழுந்தது? டென்மார்க்கில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகை நிருபராயிருந்த ஜேக்கப் ரீஸ் என்பவர், மின்னல் வெளிச்சத்துக்கான மருந்துப்பொடியைக் கொளுத்தி இருட்டறைகளைப் புகைப்படம் எடுத்தார். 1890-ல் அவர் வெளியிட்ட நூல், தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தது. அவர் மக்களின் இரக்கத்தை எழுப்பினார். அந்த இரக்கத்தைச் சட்டமாக்கியவர் லாரன்ஸ் வெய்லர்.

வெய்லர் மேடைப் பிரசங்கத்தை நம்பவில்லை; கணக்கை நம்பினார். 1900-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் நடத்திய கண்காட்சியில், நகரத்தின் ஒரு சதுக்கம் முழுவதையும் அட்டையால் செய்து வைத்திருந்தார். அதில் 39 வீடுகள், 605 குடித்தனப் பகுதிகள், 2,781 மக்கள். அவர்களுக்கு இருந்த கக்கூஸ்கள் 264. குளிக்கும் அறை ஒன்றுகூட இல்லை. வெந்நீர் வசதி உள்ள பகுதிகள் 40. இச்சதுக்கம் வீட்டுக்காரர்களுக்கு ஈட்டித் தந்த ஆண்டு வாடகை 1,13,964 டாலர்! இக்கணக்கின் முன் எந்தச் சமாதானம் நிற்கும்? கண்காட்சியைக் கண்ட கவர்னர் தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணைக் கமிஷன் ஏற்பட உதவினார். அதன் பயனாக 1901-ல் புதிய சட்டம் பிறந்தது.

இச்சட்டத்தின் சிறப்பு அதன் விதிகளில் மட்டும் இல்லை. குடிக்கூலி வீடுகளுக்கென்றே தனி இலாகா ஒன்றை அமைத்ததில் இருக்கிறது. பரிசோதகர்கள் வீடு வீடாகச் சென்று, மாடிகளையும் அறைகளையும் படமாக வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அட்டை எழுதி வைத்தனர். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இருட்டறைகள் நகரில் இருப்பது கணக்கில் வந்தது. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தும், பழைய கட்டடமொன்றில் எத்தனை குடும்பங்கள் வசிக்க உரிமையுண்டு என்று அறிய அந்நகரத்து அதிகாரிகள் இன்றும் அந்த அட்டைகளைப் புரட்டுகின்றனர். எண்ணப்படாத குறை தீர்க்கப்படுவதில்லை என்பதை நம்மவர் மனத்தில் இருத்துவாராக.

வீட்டுக்காரர்கள் சும்மா இருந்தார்களா? 1903-ல் சட்டசபையில் விதிகளைத் தளர்த்த முயன்றனர். முற்றத்துக் கக்கூஸ்களை அகற்றி வீட்டினுள் தண்ணீர்க் கக்கூஸ் அமைக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து, அவர்களுடைய சங்கத்தின் ஆதரவோடு வழக்கொன்று நடைபெற்றது. "பழைய கக்கூஸையே சுத்தமாக வைத்துக்கொண்டால் போதாதா?" என்பது வாதம். ராஜ்ய நியாயஸ்தலம் 1904-லும், ஐக்கிய நாட்டின் உச்ச நியாயஸ்தலம் 1906-லும் அவ்வாதத்தைத் தள்ளின.

வெற்றியில் விளைந்த துன்பம்

இனி, இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லல் வேண்டும். ஆர்ச்சர்டு வீதி 97-ம் எண் வீடு 1863-ல் கட்டியது. காலப்போக்கில் விதிகள் மேலும் கடுமையானபோது, செலவு செய்து திருத்த விரும்பாத உடைமைக்காரர் 1935-ல் குடியிருந்தவர்களை வெளியேற்றி, மாடிகளை அடைத்துவிட்டு, கீழேயுள்ள கடைகளை மட்டும் வைத்துக்கொண்டார். நகரில் இவ்வாறு செய்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அரை நூற்றாண்டு அடைபட்டுக் கிடந்த அவ்வீடு, 1988-ல் தோன்றிய காட்சிசாலையொன்றின் இருப்பிடமாய், இன்று அக்காலத்து ஏழைகளின் வாழ்வை உலகுக்குக் காட்டுகிறது. ஆனால் 1935-ல் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றவர்களுக்கு அதனால் என்ன பயன்? ஒழுகும் கூரையினும் கொடியது கூரையின்மை. தண்டனையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, குடியிருப்பவருக்குக் காப்பு அளிக்காத சட்டம் ஏழையின் முதுகிலேயே விழும்.

இதனை உணர்ந்து அந்நகரம் பிற்காலத்தில் வேறு வழிகளைக் கண்டது. குறைகள் மூன்று தரமாக வகுக்கப்பட்டிருக்கின்றன. உடனடி அபாயமானவற்றைப் பொதுவாக 24 மணி நேரத்திலும், அடுத்தவற்றை 30 நாட்களிலும், சிறியவற்றை 90 நாட்களிலும் வீட்டுக்காரர் தீர்க்க வேண்டும். அபாயமான குறையை அவர் தீர்க்காவிடில் நகரமே ஆட்களை அனுப்பிச் செப்பனிட்டு, செலவை அவர் கணக்கில் எழுதுகிறது. செலுத்தப்படாத தொகை வரிப் பாக்கியைப் போல் சொத்தின்மேல் ஏறி நிற்கும். 1973 முதல் வீட்டு வழக்குகளுக்கென்றே தனி நியாயஸ்தலமும் நடந்து வருகிறது. 2007-ல் செய்த சட்டத்தின்படி, மிகக் கேடான கட்டடங்கள் ஆண்டுதோறும் பட்டியலிடப்பட்டுத் தனிக் கண்காணிப்பில் வைக்கப்படுகின்றன.

முறையீட்டுக்குக் காத்திருக்கலாமா?

இன்னும் ஒரு தடை உண்டு. முறையீடு வந்தால்தான் பரிசோதனை என்பது பல நகரங்களின் வழக்கம். முறையிட்டவர் பெயர் வெளிவந்தால் அடுத்த மாதம் அவர் வீட்டில் இருப்பாரா என்பது சந்தேகம். ஆகவே மிகக் கேடான வீட்டிலிருந்தே முறையீடு வராமல் போகிறது. இவ்வுண்மையை உணர்ந்த லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், இரண்டும் அதற்கு மேலுமான குடித்தனங்கள் உள்ள வாடகைக் கட்டடங்களை முறை வைத்து, யாரும் கேளாமலே பரிசோதிக்கும் ஏற்பாட்டை 1998-ல் செய்தது. அதன் செலவுக்காக வீட்டுக்காரர்களிடம் சிறு கட்டணம் பெறப்படுகிறது. பரிசோதகர் முறைப்படி வரும்போது யாரையும் காட்டிக்கொடுப்பதற்கு இடமில்லை.

பரிசோதகர் என்ற பெயரால் எவரும் எவர் வீட்டினுள்ளும் நுழையலாமா என்னும் கேள்வியும் நியாயமானதே. ஸான் பிரான்ஸிஸ்கோவில் குடியிருப்பவர் ஒருவர் தொடர்ந்த வழக்கில் 1967-ல் உச்ச நியாயஸ்தலம் இதற்கு விடை கூறியது: உள்ளிருப்பவர் மறுத்தால் நியாயஸ்தலத்தின் உத்தரவு பெற்றே நுழைய வேண்டும், ஆனால் ஒரு வட்டாரத்தின் நிலைமை பரிசோதனையை வேண்டுவதாயின் உத்தரவுக்கு அதுவே போதிய காரணமாகலாம். உரிமையும் ஆரோக்கியமும் இவ்வாறு ஒருங்கே காக்கப்பட்டன.

நாம் செய்ய வேண்டுவது

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், கட்டடத்தின் பெரும் பழுதுகள் வீட்டுக்காரரைச் சேர்ந்தவை என்றும், சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை என்றும் அட்டவணையிட்டுக் கூறுகிறது. ஆயினும் பிணக்கு எழுந்தால் மனுவைக் கையில் ஏந்தி வாடகை அதிகாரியிடம் செல்ல வேண்டியவர் குடியிருப்பவரே. கூலி வேலையை ஒருநாள் விட்டால் அடுப்பெரியாத குடும்பத் தலைவர் எத்தனை முறை செல்வார்?

ஆதலின் பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் வெய்லரின் வழியைப் பின்பற்றட்டும். உங்கள் ஊரில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு எத்தனை, குடும்பம் எத்தனை, குழாய் எத்தனை, கக்கூஸ் எத்தனை, காற்றில்லாத அறை எத்தனை, மாத வாடகை எவ்வளவு என்று எண்ணுங்கள். அக்கணக்கை அச்சிட்டு நகரசபை அங்கத்தினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். நான்கு காரியங்களைக் கேளுங்கள்: போதிய பரிசோதகர்கள், வீடுதோறும் பதிவு, வீட்டுக்காரர் தவறினால் நகரசபையே பழுது பார்த்துச் செலவை வசூலிக்கும் ஏற்பாடு, முறையிட்டவரை வெளியேற்றாதபடி காப்பு. இவற்றுள் கடைசியானது இல்லாவிடில் மற்ற மூன்றும் ஏழைக்குப் பகையாகும்.

நல்ல வீட்டுக்காரர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. கடமையைச் செய்கிறவரும் செய்யாதவரும் ஒரே வாடகை பெறும் அநீதி அவர்களையும் பாதிக்கிறது. தேர்தல் வருகிறபோது வாக்குக் கேட்டு அந்தப் படிகளில் ஏறுகிற நகரசபை அங்கத்தினர், படி இடிந்திருப்பதையும் பார்த்திருப்பார். மறுமுறை அவர் ஏறி வரும்போது, சென்ற முறை கண்டதற்கு என்ன செய்தீர் என்று கேட்பது குடியிருப்பவர் ஒவ்வொருவரின் உரிமை.