ஆக்சஸரீஸ் என்ற பெயரில் ஒரு பிளாக் டிக்கெட்

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் ஜிடிஐ காருக்கு இந்தியாவில் முன்பதிவைத் தொடங்கியது. அப்போது காரின் விலையை அது அறிவித்திருக்கவில்லை. முதல் தவணையாக வந்தவை 150 கார்கள்தான். மே 26 அன்று எக்ஸ்-ஷோரூம் விலை 53 லட்சம் ரூபாய் என்று சொன்னபோது, அந்த 150-ம் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்திருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் இதே குழுமத்தின் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்எஸ் காரைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் 100 கார்கள், முன்பணம் இரண்டரை லட்சம். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் கதவை மூடிவிட்டார்கள். 49.99 லட்சம் என்ற விலை இங்கேயும் பின்னால்தான் வந்தது.

இரண்டு காரிலும் ஒரே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 265 குதிரைசக்தி. விலை தெரியாமல் பொருளை வாங்கும் ஆட்கள் நம் ஊரில் உண்டா என்று கேட்டால், உண்டு. அவர்களில் கணிசமானவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். ஞாயிறு விடியற்காலையில் விமான நிலையச் சாலையிலும் நந்தி மலை அடிவாரத்திலும் நின்றுபார்த்தால் அவர்களுடைய வண்டிச் சத்தம் கேட்கும். வார நாட்களில் அதே வண்டிகள் சில்க் போர்டு சந்திப்பில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். அது வேறு கதை.

150 காரை நாடு முழுவதும் பங்கிட்டால் ஓர் ஊருக்கு வருவது சொற்பம். கேட்பவர் நூறு பேர், இருப்பது பத்து. புதுப்படம் வெளியான அன்று தியேட்டர் வாசலில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அங்கே அதற்குப் பெயர் பிளாக். கார் ஷோரூமில் அதற்குப் பல பெயர்கள்.

அமெரிக்காவில் இதை ஒளிப்பதில்லை. 1958-ல் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தின்படி, ஒவ்வொரு புதுக் காரின் ஜன்னலிலும் தயாரிப்பாளரின் விலைப் பட்டியலை ஒட்டியாக வேண்டும். ஆனால் அது ‘பரிந்துரைக்கப்பட்ட’ விலை மட்டுமே. டீலர் தனி முதலாளி. அதைவிடக் குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம். அதனால் கிராக்கியான கார் வந்தால் அந்தச் சீட்டின் பக்கத்திலேயே இன்னொரு சீட்டு ஏறும்: ‘சந்தைச் சரிக்கட்டு’, இத்தனை ஆயிரம் டாலர். 2017-ல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் அங்கே வந்தபோது பட்டியல் விலை 34 ஆயிரம் டாலர் சொச்சம். பல டீலர்கள் அதற்கு மேல் 10 ஆயிரமும் அதற்கு அதிகமும் கேட்டார்கள். கொரோனாவுக்குப் பின் சிப் தட்டுப்பாடு வந்தபோது இது விளையாட்டுக் கார்களைத் தாண்டிச் சாதாரண வண்டிகளுக்கும் பரவியது. எட்மண்ட்ஸ் என்ற கார் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்ததில், 2022 ஜனவரியில் புதுக் கார் வாங்கிய அமெரிக்கர்களில் 82 சதவீதம் பேர் பட்டியல் விலைக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு அப்படிக் கொடுத்தவர்கள் 3 சதவீதம்கூட இல்லை.

பெங்களூரின் ரெசிடென்சி ரோட்டிலோ ஓசூர் ரோட்டிலோ இருக்கும் எந்த ஷோரூமிலும் அந்த இரண்டாவது சீட்டைப் பார்க்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருப்பதுபோல் காருக்கு அச்சிட்ட எம்ஆர்பி கிடையாது. அந்தச் சட்டம் பொட்டலமிட்ட பொருட்களுக்கானது. ஆனாலும் நிறுவனம் தன் இணையதளத்திலேயே எக்ஸ்-ஷோரூம் விலையைப் போட்டுவிடுகிறது. டீலர் அதே விலைக்குத்தான் பில் போடுவார். ஆகவே கூடுதல் பணம் அந்த வரியில் வர வழியில்லை. கீழே உள்ள வரிகளில் வருகிறது.

ஒரு கொட்டேஷனை எடுத்துக்கொள்வோம். இது எந்த டீலருடையதும் அல்ல; கணக்குக்காக 53 லட்சத்தையே வைத்துக்கொள்ளலாம். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதன் மேல் செஸ் சேர்ந்தால் கிட்டத்தட்ட 20. அதாவது பத்தரை லட்சம் அரசுக்கு. எல்லை தாண்டி ஓசூரில் பதிவு செய்தால் மிச்சமாகுமா என்று தமிழர்களுக்குத் தோன்றும். ஆகாது, 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டிலும் 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம்தான். வெளிமாநிலப் பதிவோடு பெங்களூரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கும் பாடம் கிடைத்திருக்கிறது: 2025 ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவெண் கொண்ட ஒரு சிவப்பு ஃபெராரியை மடக்கிய போக்குவரத்து அதிகாரிகள், அபராதத்தோடு சுமார் 1.42 கோடி ரூபாய் வரியை ஒரே நாளில் வசூலித்தார்கள்.

அடுத்த வரி டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவீதம், இங்கே 53 ஆயிரம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பிறகு இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக். இதுவரை சரி.

அதற்குக் கீழேதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒன்று இருக்கும். கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவந்த செலவு என்பார்கள். அந்தச் செலவு டீலரின் லாப விகிதத்துக்குள்ளேயே அடங்கியது. தனியாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்படி நுகர்வோர் ஆணையங்கள் சொன்ன வழக்குகள் உண்டு. ஆகவே விவரமான டீலர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்: லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ், இன்னும் என்னென்னவோ. அதை அடுத்து ‘எசென்ஷியல் கிட்’. மிதியடி, மட் ஃப்ளாப், கதவோரப் பட்டை, ஒரு சாவிக்கொத்து. கடைத்தெருவில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் சாமான்கள் இங்கே சொல்லும் விலைக்குத் தங்கமுலாம் பூசியிருக்க வேண்டும். பிறகு செராமிக் கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ். எல்லாமே பெயரளவில் விருப்பப்பட்டால் வாங்குபவை.

இதில் மிக நாசூக்கானது இன்சூரன்ஸ். எந்த நிறுவனத்திடம் பாலிசி எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை; டீலர் வற்புறுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி வகுத்துவிட்டது. விற்காத வண்டியைக் கேட்டால் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் சிரித்த முகத்தோடு “வெளியவே எடுத்துக்கங்க சார்” என்பார். கிராக்கியான வண்டியைக் கேட்டால் அதே சிரித்த முகத்தோடு, “வெளில எடுத்தா பேப்பர் வேலை கொஞ்சம் இழுக்கும் சார்” என்பார். மறுக்கவில்லை, கவனிக்கவும். தேதிதான் நகர்கிறது.

ரொக்கமாக வாங்கிவிட்டால் இத்தனை வரிகள் எதற்கு என்று பழைய ஆட்கள் கேட்கலாம். 2017 ஏப்ரல் முதல் ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கிய அளவுக்கே அபராதம். மேசைக்கடியில் கைமாறிய கவர் மேசை மேல் ஏறி, ஜிஎஸ்டியோடு ‘ஆக்சஸரீஸ்’ ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவரின் காலம் நீளமானது. உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட் என்று மூன்றே மூன்று கார்கள் இருந்த நாளில், யாருக்கு எப்போது கார் என்பதை 1959-ல் வந்த கட்டுப்பாட்டு ஆணை முடிவு செய்தது. பின்னர் விலையையும் அரசே நிர்ணயித்தது. அது நியாயமான விலைதானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விலை குறைவாகவே இருந்தது, ஆனால் அந்த விலைக்குக் கார் கிடைக்கவில்லை. வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அலாட்மெண்ட் கடிதமே ஒரு சொத்தாகி, அதற்கு ‘பிரீமியம்’ வைத்துக் கைமாற்றினார்கள். பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு மகன் கல்லூரி முடிக்கும்வரை காத்திருந்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். 1983-ல் மாருதி 800-க்கு முன்பதிவு திறந்தபோது, 10 ஆயிரம் ரூபாய் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியை, குலுக்கலில் தேர்வான ஒருவரிடம் கொடுத்தார். காரின் விலை 47,500 ரூபாய். வெளியே அதன் விலை வேறு.

அன்று அரசு உண்டாக்கிய பற்றாக்குறை. இன்றைய ஜிடிஐ பற்றாக்குறையும் ஒரு வகையில் சட்டம் உண்டாக்கியதுதான். ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ தேர்வான காரை இந்தியாவில் மறுபடி சோதனைக்கு உட்படுத்தாமல் ஆண்டுக்கு 2,500 வரை இறக்குமதி செய்யலாம் என்று 2018-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அந்த ஜன்னல் வழியாக வருவதால்தான் எண்ணிக்கை கொஞ்சம். சுங்க வரி வேறு அதிகம். நிறுவனத்துக்கும் இது வசதி: ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற செய்தியைவிட மலிவான விளம்பரம் ஏது?

பற்றாக்குறைக்கு விளையாட்டுக் கார்தான் வேண்டும் என்பதும் இல்லை. பெங்களூரை ஒட்டிய பிடதியில் டொயோட்டா தொழிற்சாலை தயாரிக்கும் இன்னோவா ஹைகிராஸின் உச்ச ரகங்களுக்கு, 2023 ஏப்ரலில் முன்பதிவையே நிறுத்திவைத்தார்கள். 2024 அக்டோபரில் மகிந்திரா தார் ராக்ஸுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 முன்பதிவுகள். இப்படிப்பட்ட வரிசையின் முன்னால் நிற்பவருக்கு அந்த இடமே பணம்.

டீலர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பெங்களூரில் முக்கியச் சாலையில் ஷோரூம் வாடகை, நிற்கும் வண்டிகளுக்கு வங்கி வட்டி, ஊழியர் சம்பளம் எல்லாம் போகப் புதுக் காரில் கிடைப்பது ஒற்றை இலக்கச் சதவீதம். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும்போது அடியை வாங்குபவரும் அவரே. மாருதி ஜிம்னி 2023 ஜூனில் பெரிய ஆரவாரத்தோடு 12.74 லட்சத்தில் வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் விலை இரண்டு லட்சம் இறங்கிய பதிப்பு கடையில் நின்றது. தள்ளுபடி கொடுக்கும் மாதத்தில் கைதட்டுகிறவர்கள், வாய்ப்பு வரும் மாதத்தில் மட்டும் திட்டலாமா என்று டீலர் கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. ஆனால் தள்ளுபடி நாளிதழின் முழுப் பக்கத்தில் ரூபாய்க் கணக்கோடு வருகிறது. கூடுதல் விலை மட்டும் மிதியடியாகவும் மட் ஃப்ளாப்பாகவும் வேஷம் போட்டு வருகிறது. அமெரிக்க டீலரின் சீட்டு பேராசையாக இருக்கலாம். எவ்வளவு என்பதாவது அதில் எழுதியிருக்கிறது. பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘எசென்ஷியல் கிட்’டை எதோடு ஒப்பிடுவது?

சட்டம் இதுவரை அதிகம் கவலைப்பட்டது எதிர்த் திசையைப் பற்றி. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று மாருதி சுசுகி கட்டுப்படுத்தியதாகச் சொல்லி, 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் அதற்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. இந்த விலைக்கு மேல் விற்காதே என்று தயாரிப்பாளர் சொல்லலாம். இதற்குக் கீழே விற்காதே என்று சொல்வதில்தான் சிக்கல்.

வாங்கி உடனே விற்கும் வியாபாரிகளை நிறுவனங்கள் விதவிதமாக மறித்துப் பார்த்திருக்கின்றன. ஃபோர்டு ஜிடி காரை இரண்டு ஆண்டுகள் விற்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சில வாரங்களில் விற்றதாக, மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது அந்த நிறுவனம் 2017-ல் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசமாகி, அவர் கொடுத்த தொகை அறப்பணிக்குப் போனது. ஜப்பானில் 2021-ல் லேண்ட் குரூசர் வாங்கியவர்களிடம், ஓராண்டுக்கு மறுவிற்பனை செய்வதில்லை என்று டொயோட்டா எழுதி வாங்கியது. கொர்வெட் இசட்06-ஐ ஓராண்டுக்குள் விற்றால் சில வாரண்டிகள் அடுத்தவர் கைக்கு மாறாது என்றது ஜெனரல் மோட்டார்ஸ்.

இந்தியாவில் வேறு பாதையை எடுத்தது மெர்சிடிஸ்-பென்ஸ். 2021 அக்டோபரிலிருந்து வண்டிகள் நிறுவனத்தின் இருப்பிலேயே நிற்கின்றன. பில் போடுவதும் நிறுவனமே. டீலர் இப்போது கமிஷன் பெறும் முகவர். பெங்களூரானாலும் கோவையானாலும் ஒரே எக்ஸ்-ஷோரூம் விலை. பேரம் பேசி நாலு காசு குறைத்துக்கொள்ளும் சுகமும் அதோடு போயிற்று.

கூடுதல் விலையை வெளிப்படையாக வாங்கும் ஒரே இடம் போக்குவரத்துத் துறைதான் போலிருக்கிறது. ஃபேன்சி நம்பரை ஏலம் விடுகிறது, அதிகம் கேட்டவருக்குக் கொடுக்கிறது, ரசீதும் தருகிறது.

மற்ற இடங்களில் வாங்குபவரிடம் இருப்பது ஒரு பேனா. கொட்டேஷனை வரிவரியாகப் பிரித்து எழுத்தில் கேட்கலாம். ஹேண்ட்லிங் சார்ஜை அடிக்கலாம், கிட்டை அடிக்கலாம், வெளியில் எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியை மேசையில் வைக்கலாம். சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் ஒவ்வொரு அடித்தலுக்கும் தலையாட்டுவார், காபி ஆறுகிறது என்று நினைவுபடுத்துவார், உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வருவார்.

“எல்லாம் ஓகே சார். இந்த பேட்ச் மட்டும் முடிஞ்சிருச்சு. அடுத்த பேட்ச்ல முதல் வண்டி உங்களுக்குத்தான்.”