செல்போன் எண்ணை மாத்தினா முகவரி காணாமல் போவது ஏன்? ஜேசன் அப்டேட்டில் நடப்பது என்ன?

ஒரு ஆப்பில் உங்க செல்போன் எண்ணை மட்டும் மாத்தறீங்க. சேவ் பண்ணிட்டுப் பார்த்தா, முகவரி காலியா இருக்கு. இது எப்படி நடக்குது?

சர்வருக்குப் போவது என்ன?

நீங்கள் மாற்றிய விவரம் 'ஜேசன்' என்ற எழுத்து வடிவில் சர்வருக்குப் போகிறது. 'செல்போன்: புது எண்' என்பது போல, பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும். டேட்டாபேஸ் டேபிளில் பெயர், முகவரி, செல்போன் எனத் தனித்தனி நெடுவரிசைகள் உண்டு. ஜேசனில் எது வந்ததோ, அதை மட்டும்தான் மாத்தணும்.

எங்கே தப்பு நடக்குது?

எல்லா நெடுவரிசைகளையும் ஒரே எஸ்.க்யூ.எல் அப்டேட் கட்டளையில் எழுதிவிட்டால், ஜேசனில் வராதவற்றில் 'நல்', அதாவது வெற்று மதிப்பு போய் உட்கார்ந்துவிடும். முகவரி போனது இப்படித்தான்.

'கோலெஸ்' என்ற ஃபங்ஷனைச் சேர்த்தால் வராத விவரத்துக்குப் பழைய மதிப்பே நிற்கும். ஆனால் இதிலும் சிக்கல் இருக்கு. நீங்களே உங்க எண்ணை நீக்கச் சொன்னால், ஜேசனில் 'நல்' வரும். கோலெஸ் அதையும் 'வரவில்லை' என்றே எடுத்துக்கொள்ளும். நீக்கின நம்பர் நீங்காது!

அப்போ என்ன தீர்வு?

'வரவே இல்லை', 'காலியாக வந்தது' இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'ஜேசன்பி பாப்புலேட் ரெக்கார்ட்' இதைச் செய்கிறது. பழைய வரிசையையும் ஜேசனையும் சேர்த்துக் கொடுத்தால், வராதது பழையபடி நிற்கும். நல் என வந்தது காலியாகும். எஸ்.க்யூ.எல் சர்வர் 2016-ல் வந்த 'ஓப்பன் ஜேசன்', எந்தெந்தப் பெயர்கள் வந்தன என்று பட்டியலே தந்துவிடும்.

பெரிய ஆபத்து எது?

ஜேசனில் வந்த பெயர்களை அப்படியே எடுத்து, கட்டளையை அந்த நேரத்தில் உருவாக்குவதுதான் டைனமிக் எஸ்.க்யூ.எல். ஆனால் போனில் இருந்து போவதை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். கூடவே 'அட்மின்: ஆம்' என்று ஒருவர் சேர்த்து அனுப்பினால்? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையையே நுழைத்தால்?

2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் இதே வகை ஓட்டை வெளியே வந்தது. அங்கே வந்தது ஜேசன் இல்லை, சாதாரண படிவம்தான். வந்த விவரங்களை வடிகட்டாமல் ஏற்றதால், ஒரு பயனர் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' குழுவின் கணக்கில் தன் சாவியைச் சேர்த்து, அதன் கோடிலேயே மாற்றம் செய்து காட்டினார்.

அதனால், எந்த நெடுவரிசைகளை மாற்றலாம் என்ற பட்டியல் சர்வரில் இருக்க வேண்டும். அதில் இல்லாத பெயர் வந்தால் நிராகரிக்கணும். மதிப்புகளைக் கட்டளையோடு ஒட்டாமல், பாராமீட்டராகத் தனியே அனுப்பணும்.