வந்து மறைந்த வாதத்தை விட்டுவிடாதீர்கள்

வலை இழுக்கும்போது வலது கை திடீரென்று பிடி தளர்கிறது. வாய் குழறுகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. வெயில், பித்தம், ராத்திரி தூங்காதது என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிவிட்டு மறுநாளும் படகேறிவிடுகிறார்கள். காரைக்கால் பகுதியின் மண்டபத்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வந்து மறையும் இந்த வாதத்துக்குப் பிறகு உண்மையான பக்கவாதம் தாக்கும் ஆபத்து மிக அதிகம். அதிலும் முதல் இரண்டு நாட்கள் மிக மோசமானவை.

மூளைக்கு நான்கு குழாய்கள் வழியாக ரத்தம் போகிறது. கழுத்தின் முன்புறம் இடமும் வலமும் கரோட்டிட் தமனிகள் இரண்டு. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறும் வெர்டிப்ரல் தமனிகள் இரண்டு. கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் கொழுப்பு படிகிறது. பீடி, சிகரெட், கவனிக்காமல் விட்ட பிரஷர், சர்க்கரை எல்லாம் அதை வளர்க்கின்றன. படிவின் மேல் உறையும் ரத்தத்தில் ஒரு துணுக்கு மேலே போய் அடைத்துப் பிறகு கரைந்தால், கை மரத்துச் சரியாகும். ஒரு கண் மட்டும் சில நிமிடம் இருட்டித் தெளியும். கரையாவிட்டால் கை கால் விழுந்துவிடும்.

கழுத்து டாப்ளர் ஸ்கேன் இந்தப் படிவைத்தான் தேடுகிறது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, வெறும் வயிற்றோடு வரவேண்டியதும் இல்லை. கழுத்தில் ஜெல் தடவி, அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். ரத்தம் ஓடும் வேகத்தைக் கருவி அளக்கிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வழி குறுகினால் அந்த இடத்தில் நீரோட்டம் எப்படி வேகமெடுக்குமோ, அப்படித்தான் ரத்தமும். உச்ச வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பெரிய அடைப்பு இல்லை. 230ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் குறுகியிருக்கலாம் என்று கணக்கு. அதனால் 'நார்மல்' என்று ஒற்றை வரியில் அறிக்கை கொடுத்தால் ஏற்காதீர்கள். இரண்டு பக்கத்து வேகமும், படிவின் அளவும், வெர்டிப்ரல் ஓட்டத்தின் திசையும் எழுதியிருக்க வேண்டும்.

அந்த 70 சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வட அமெரிக்காவில் நடந்து 1991இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. வாத அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களில், மருந்து மட்டும் சாப்பிட்ட நூறு பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சையில் அடைப்பை நீக்கிக்கொண்டவர்களில் அது 9 ஆகக் குறைந்தது. அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கத்தி தேவையில்லை. மாத்திரையும் பீடியை விடுவதும்தான் வைத்தியம்.

இந்த ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. மண்டையோட்டுக்குள் இருக்கும் குழாய்களைக் கழுத்து டாப்ளர் காட்டாது. இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களுக்கு அடைப்பு மண்டைக்குள்ளேயே வருவது மேற்கத்தியரைவிட அதிகம். ஆகவே கழுத்து ஸ்கேன் நன்றாக இருந்தது என்று மருத்துவரைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது, சி.டி. ஆஞ்சியோ தேவைப்படலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று கழுத்து டாப்ளர் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ வல்லுநர் குழு 2014இலும் மறுபடி 2021இலும் இதை வேண்டாம் என்றே சொன்னது. இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டி, அதற்கு மேல் சோதனை, அதற்கு மேல் அறுவை என்று போனால், அந்த அறுவையே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொடுத்துவிடுகிறது. சமுதாயக் கூடத்தில் யாராவது சலுகை விலை ஸ்கேன் முகாம் போட்டால் இரண்டு கேள்வி கேளுங்கள். எனக்கு இது எதற்கு? இந்தக் கருவி எங்கே பதிவாகியிருக்கிறது? இந்தக் கருவியாலும் கருவைப் பார்க்க முடியும் என்பதால், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் ஸ்கேன் மையங்கள் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் கருவிக்கு 2012இல் வந்த விதி இன்னும் கடுமையானது: பதிவான மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்கும், பல சிகிச்சைகள் தரும் நடமாடும் மருத்துவ ஊர்திக்கும் மட்டுமே அனுமதி.

அறிகுறி தொடங்கிவிட்டால் ஸ்கேன் மையத்துக்கு ஓடாதீர்கள். புறா ரத்தம் தடவுவது, வாயில் எதையாவது புகட்டுவது, தானாக ஆஸ்பிரின் கொடுப்பது எதுவும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்று பிரித்துக் காட்டுவது தலை சி.டி. ஸ்கேன், டாப்ளர் அல்ல. உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழி 130 கிலோமீட்டருக்கு மேல். முதல் சி.டி.யே அங்கேதான் என்று கிளம்பினால் பாதி நேரம் வழியிலேயே போய்விடும்.

எல்லையோர ஊர் என்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கே தரங்கம்பாடி தமிழ்நாடு, இங்கே புதுச்சேரி. 'நீங்கள் அந்த மாநிலம்' என்றோ படுக்கை இல்லை என்றோ சொல்லி அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுக்க முடியாது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. 1996இல் உச்ச நீதிமன்றம் அது உயிர் வாழும் உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்து, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால், அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மாநில எல்லை தாண்டியும் செல்லும். ஆனால் உள்நோயாளியாகச் சேராமல் வெளியே எடுக்கும் ஸ்கேனுக்கு அதில் பணம் வராது.

தனியார் மருத்துவமனையில் கட்டணப் பட்டியலைத் தமிழிலும் மாட்டியிருக்க வேண்டும் என்பது மருத்துவ நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 2012 விதி. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டியது மருத்துவரின் கடமை. அறுவைக்கோ ஸ்டென்ட்டுக்கோ கையெழுத்துப் போடுமுன், எத்தனை சதவீத அடைப்பு, மருந்தே போதாதா, வேறொரு மருத்துவரைக் கேட்கலாமா என்று விசாரிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு செய்த சிகிச்சையில் குறை இருந்தால், நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100ஐ அழைக்கலாம்.

ஊர்ப் பஞ்சாயத்தார் இந்த மாதமே ஒரு வேலை செய்ய வேண்டும். ராத்திரியிலும் தலை சி.டி. எடுத்து, உறைவு கரைக்கும் ஊசி போடும் மருத்துவமனை பக்கத்தில் எது என்று நேரில் விசாரியுங்கள். அதன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் 108உடன் சேர்த்து, படகு கரையேறும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.