பின் சக்கரத்தை எது பிடித்திருக்கிறது?

தூத்துக்குடியில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் என் பட்டறைக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "அண்ணாச்சி, வண்டி ஸ்டார்ட் ஆகுது, கியரும் விழுது. ஆனா நகர மாட்டேங்கு." விசாரித்தால், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நாலைந்து நாள் வாசலில் நிறுத்திய காராக இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பேய்மழைக்குப் பிறகு, வெள்ளத்தில் நின்ற கார்கள் இப்படித்தான் வரிசையாக வந்தன.

அடியோடு பிடித்துக்கொண்ட வண்டி கோளாறை உடனே காட்டிவிடுகிறது. எனக்குக் கவலை தருபவை அரைகுறையாகப் பிடித்தபடியே ஓடும் வண்டிகள்தான். மைலேஜ் குறையும், ஏற்றத்தில் இழுக்காது. ஓட்டுபவர் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்படுவார். உள்ளே பிரேக் ஷூ டிரம்மோடு உரசி உரசிச் சூடேறிக்கொண்டிருக்கும்.

அந்தச் சூடு ஆபத்தானது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. காய்ந்து கொதிக்கிற சக்கரத்துக்குள் ஆயில் ஆவியானால் பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. விடாமல் பிடித்த பிரேக்தான் கடைசியில் பிடிக்காத பிரேக்காகிறது.

நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்தில்தான் இருக்கும். காலால் மிதித்தால் ஆயில் அழுத்தம் வீல் சிலிண்டரின் பிஸ்டன்களைத் தள்ளி இரண்டு ஷூக்களையும் விரிக்கும். கையால் இழுத்தால் கேபிள் அதே ஷூக்களை விரிக்கும். இரண்டையும் விட்டதும் ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே சக்கரம் பிடித்துக்கொண்டால் காரணத்தை மூன்று இடங்களில் தேடினால் போதும்: கேபிள், ஆயில் போகும் பாதை, டிரம்மின் உட்புறம். எந்த இடம் என்று தெரியாமல் சாமான் மாற்றக்கூடாது. என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

அதிகம் பிரேக் அடிக்காமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்துங்கள். நான்கு ரிம்களுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். பின்னால் ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்து, கருகல் வாடையும் வந்தால் கோளாறு அங்கேதான். ரிம்மின் நடுவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால், நல்ல சக்கரத்தில் வழிந்து ஓடும். பிடித்த சக்கரத்தில் 'சுர்'ரென்று மறையும். ஆனால் சூடான டிரம்மில் வாளித் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

வீல் பேரிங் போனாலும் சக்கரம் சூடாகும். அப்போது ஓடும்போது 'ஙொய்' என்ற இரைச்சல் இருக்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும்.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வைக்கிறோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கை நீட்டக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசான உரசல் சத்தத்தோடு சுற்றினால் பயமில்லை. கையை எடுத்ததும் சட்டென்று நின்றால் பிடிக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ஹேண்ட் பிரேக் லீவரிடம் இருக்கும் நட்டைத் தளர்த்தி, கேபிளைத் தொய்ய விடுவேன். சக்கரம் விடுபட்டால் குற்றவாளி கேபிள். அதன் உறைக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கும். இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. அதற்கு எண்ணெய் விடுவது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். கேபிளையே மாற்றிவிடுவது நல்லது.

கேபிளைத் தளர்த்தியும் விடவில்லையா? வீல் சிலிண்டரின் பின்னால் இருக்கும் பிளீடர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சி அடித்து, அதே நொடியில் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி என்றால் அங்கே போகும் ரப்பர் ஹோஸைப் பார்ப்பேன். வெளியே புதுசுபோல் இருக்கும். உள்சுவர் ஊதிப் பாதையை அடைத்திருக்கும். காலின் பலத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது. பல சக்கரங்களில் இப்படி இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள் இருக்கிறது.

டிரம்மைத் திறந்தால்

பல கார்களின் டிரம்மில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் 8 எம்.எம். போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். சுத்தியலால் கண்டபடி அடிக்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதவோ ஏர் பிடிக்கவோ நான் யாரையும் விடுவதில்லை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகவே துடைக்க வேண்டும். பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் எதுவும் பிரேக்கின் ரப்பரில் படக்கூடாது. பட்டால் ரப்பர் கப் உப்பி, பிஸ்டன் மறுபடியும் இறுகிவிடும்.

அடுத்து வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்ல விலக்குவேன். கோளாறுள்ள சிலிண்டராக இருந்தால் செம்மண் தண்ணீர் போல ஏதோ கசியும். ஆயிலில் சேர்ந்த ஈரம் இந்தத் தாழ்வான மூலையில் தங்கி இரும்பை அரித்ததன் அடையாளம் அது. இரண்டு பிஸ்டனில் ஒன்று கட்டைவிரலுக்கு நகரும், இன்னொன்று நகராது. உட்சுவரில் குழி விழுந்திருந்தால் எமரி போட்டுத் தேய்த்துச் சமாளிக்காமல் சிலிண்டரை மாற்றிவிட வேண்டும்.

சில வண்டிகளில் சிலிண்டர் நன்றாகவே இருக்கும். ஷூ உரசி நகரும் பின் தகட்டில் மேடான இடங்கள் உண்டு. அவை காய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அங்கே சுரண்டிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும்; லைனிங்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ நிறம் மாறிக் கருகியிருந்தாலோ புதிது போட வேண்டும். ஷூ, ஸ்பிரிங் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கேபிளை முறுக்கும் வைத்தியம்

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். லைனிங் தேயத் தேய ஹேண்ட் பிரேக் லீவர் மேலே மேலே ஏறும். "ஹேண்ட் பிரேக் நிக்கல" என்று வண்டிக்காரர் சொன்னதும் கேபிள் நட்டை மட்டும் முறுக்கி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு நிற்கும். ஆனால் இழுபட்ட கேபிள் ஷூவை அதன் இடத்தில் உட்காரவிடாது; ஓடும்போதே உரசும். சரியான வரிசை வேறு: கேபிளைத் தளர்த்து, அட்ஜஸ்டரில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய், பெடலைச் சிலமுறை மிதி, கடைசியில் கேபிளைக் கையேட்டில் சொன்ன 'கிளிக்' எண்ணிக்கைக்கு வை.

பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் காலிப்பரின் வழுக்கு ஊசிகள் கிரீஸ் காய்ந்து இறுகுவதுதான் அதிகம். பட்டனை அழுத்தும் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் அதற்குரிய கருவி இல்லாமல் பிஸ்டனைத் தள்ளிப் பார்க்கக்கூடாது.

மழைக்காலத்தில்

கடற்காற்று வீசும் ஊரில், மழையில் நனைந்த வண்டியைப் பல நாள் நிறுத்துவதாக இருந்தால், வீட்டுச் சமதரையில் ஹேண்ட் பிரேக் வேண்டாம். முதல் கியரில் விட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நிறுத்துவதற்கு முன் மெதுவாக ஓட்டி, லேசாகப் பிரேக்கை மிதித்து ஷூவைக் காயவிடுங்கள். மீறிப் பிடித்துக்கொண்டால் ரிவர்ஸிலும் முதல் கியரிலும் மென்மையாக அசைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் 'டக்'கென்று விடும். ஆக்சிலேட்டரை ஏறி மிதித்தால் ஷூவிலிருந்து லைனிங் பெயர்ந்து வந்துவிடும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வீல் சிலிண்டருக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது.

வேலை முடிந்ததும் ஆயிலில் காற்றுக்குமிழி இல்லை என்றும் பெடல் கெட்டியாக இருக்கிறது என்றும் பாருங்கள். ஓட்டிப் பார்த்து இரண்டு பின் சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால், "பிரேக் ஜாம் எடுத்தாச்சு" என்ற பதிலோடு திருப்தியாகிவிடாதீர்கள். எது பிடித்திருந்தது என்று கேளுங்கள், கழற்றிய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தேடிப் பார்த்த மெக்கானிக் அந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார். பதில் சொல்ல முடியாதவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.