பேருந்துக் காசில் நின்றுபோன படிப்பு



மாதக் கடைசியில் கணக்கு முடிக்க உட்காரும்போது, வராத பாக்கிகளைத் தனித்தாளில் எழுதி வைப்பது நம் பழக்கம். சென்ற மாதம் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு பாக்கி நினைவுக்கு வந்தது. அது பிறர் நமக்குத் தரவேண்டியதன்று. நாம் ஒரு பையனுக்குத் தரவேண்டியது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

வல்லம் வடகால், மாத்தூர், வல்லக்கோட்டை, ஒரகடம் ஆகிய ஊர்க் கடைகளுக்கு நம் மண்டியிலிருந்து சரக்கு போகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் மண்டியில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன். தகப்பனார் இல்லை. தாயார் ஒரு ஆலை உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை செய்கிறார். காஞ்சிபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் ஓராண்டுத் தொழிற்படிப்பில் குளிர்சாதன இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவில் அவனுக்கு இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணத்தை அவர்களே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

"முதலாளி, காலையில வகுப்புக்குப் போயிட்டு மூணு மணிக்கு வந்துடறேன். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் இருந்து மூட்டை அடுக்கித் தர்றேன்" என்று கேட்டான். நம் மண்டிக்கு லாரி வருவது காலை பத்து மணிக்கு. "லோடு வர்ற நேரத்துல ஆள் இல்லேன்னா எப்படிடா?" என்று நாம் சொன்னோம். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போனான். மூன்றாம் மாதம் வகுப்பையும் விட்டுவிட்டான். கட்டணம் இல்லாத படிப்பு ஏன் நின்றது என்று விசாரித்தபோது, பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நாளொன்றுக்கு 60 ரூபாய் புரட்ட முடியவில்லை என்று தெரிந்தது.

பிறகு ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். எட்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது. இன்று அங்கொரு நாள் இங்கொரு நாள் சுமை இறக்குகிறான். அவன் தாயார் கடைக்கு வரும்போது நம்மைக் குறை சொல்வதில்லை. ஒரு நாள் மட்டும், "அன்னைக்கு அந்த ஒரு வருஷத்தை முடிச்சிருந்தான்னா அண்ணாச்சி..." என்று தொடங்கி, முடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இலாப நட்டம் பார்க்கத் தெரிந்த நாம், அன்று எந்தக் கணக்கைப் பார்க்கத் தவறினோம்?

வாசலில் ஆலை; வீட்டில் படிப்பில்லை

நம் பகுதியின் வளர்ச்சியை வணிகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் ஆலைகள் வந்தன. வல்லம் வடகால் சிப்காட்டில் 2017-ல் ராயல் என்ஃபீல்டு ஆலை தொடங்கியது. 2024 ஆகஸ்டு மாதம் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரமே குடியேறியது போன்றது அது. இதனால் நமக்கு விற்பனை கூடியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நம் கடைக்கு வருகிற உள்ளூர்க் குடும்பங்களைப் பார்ப்போம். நிலம் போயிற்று, ஆலை வந்தது, வீட்டுப் பிள்ளைக்கு ஆலைக்குள் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை, அல்லது தோட்டம், துப்புரவு, காவல். கைத்தொழில் சான்றிதழ் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வேறுபாடு நம் கடன் நோட்டிலேயே தெரியும். சான்றிதழ் உள்ளவன் ஓர் இடத்தில் வேலை போனாலும் இரண்டு மாதத்தில் இன்னோர் இடத்தில் சேர்ந்து பாக்கியைக் கட்டுகிறான். இல்லாதவன் ஊரைவிட்டே போகிறான். நம் பாக்கியும் அவனோடு போகிறது.

சமுதாயக் கல்லூரி என்பது எது?

பட்டப் படிப்புக்குப் போகப் பணமோ மதிப்பெண்ணோ இல்லாதவர்களுக்கு, ஓராண்டிலோ இரண்டாண்டிலோ ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்பும் நிறுவனமே சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகில் ஜோலியட் என்னும் ஊரில் 1901-ல் முதலாவதாக அத்தகைய கல்லூரி தோன்றியது. நம் பக்கத்தில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னை மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இம்முயற்சியை நாடெங்கும் கொண்டு சென்றவர். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி என்று பகுத்து, வயது வரம்பு பாராமல், பள்ளியை இடையில் விட்டவர்களையும் சேர்த்துக்கொண்டது இதன் சிறப்பு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றுக்கு அங்கீகாரம் அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013-ல் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது.

நம் ஊர் வழக்கில் ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் இதே பணியைத்தான் செய்கின்றன. ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவன் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த வழியைப் பல பெற்றோர் அறிய மாட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் சொன்னால் கேட்பார்கள்.

நியூயார்க்கில் போட்ட கணக்கு

படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் ஏழைப் பிள்ளைகள் இடையில் நிற்கிறார்களே என்ற கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். முழுநேரம் படிக்கும் ஏழை மாணவருக்குக் கட்டணக் குறையை ஈடுசெய்வது, பேருந்துக்கும் ரயிலுக்கும் பயண அட்டை தருவது, பாடப் புத்தகத்துக்கு உதவுவது, அடிக்கடி சந்தித்து விசாரிக்க ஓர் ஆலோசகரை நியமிப்பது என்பதே திட்டம்.

பிறகு அதன் பலனை ஆராய்ந்தார்கள். கணக்கு, ஆங்கிலம் போன்ற பாடங்களில் பின்தங்கிச் சேர்ந்த ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இவ்வுதவிகளைத் தந்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, உதவி பெறாத பிரிவில் மூன்றாண்டுக்குள் படிப்பை முடித்தவர்கள் நூற்றுக்கு 22 பேர். உதவி பெற்ற பிரிவில் நூற்றுக்கு 40 பேர். ஏறக்குறைய இரட்டிப்பு. சாக்கு ஓட்டையை அடைக்காமல் மேலும் அரிசியைக் கொட்டுவதில் பயனில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே? அந்த ஓட்டை பெரும்பாலும் பேருந்துக் காசு, புத்தகக் காசு, "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்க ஆளில்லாமை ஆகிய சிறு சிறு ஓட்டைகளே.

அரசு தருவதும், கைக்கு வராமல் போவதும்

நம் மாநிலத்தில் உதவிகள் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பட்டப் படிப்புக்கு மட்டுமன்றி, பட்டயப் படிப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு இதே தொகை வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று கோவையில் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் இவ்வுதவி விரிவாக்கப்பட்டது. அரசு ஐ.டி.ஐ.களில் கட்டணமில்லாப் பயிற்சியோடு மாத உதவித்தொகை, பேருந்து அட்டை, சீருடை, மிதிவண்டி என்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை பெற வழி ஏற்படுத்தப்பட்டது.

ஆனால் சரக்கு கிடங்கில் இருப்பது வேறு. கடைத் தட்டுக்கு வருவது வேறு. வருமானச் சான்று வாங்க ஒரு நாள், சாதிச் சான்றுக்கு ஒரு நாள், வங்கிக் கணக்கில் ஆதாரை இணைக்க ஒரு நாள் என்று அலைய வேண்டும். தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நட்டம். ஆதாரில் ஓர் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்துமாகப் பெயர் இருந்தால் மறுபடியும் அலைச்சல். நம் மண்டிப் பையனின் கதையும் இதுவே. அவன் அரசு ஐ.டி.ஐ.யில் விண்ணப்பிக்க எண்ணி, சான்று வருவதற்குள் கடைசித் தேதியைத் தவறவிட்டான். அதனால்தான் கட்டணமில்லாப் பேருந்து அட்டை இல்லாத படிப்பில் சேர நேர்ந்தது.

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாகப் போவது வேறு. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படிப் பழகுநராகப் போவது வேறு. பழகுநருக்கு மாத உதவித்தொகை உண்டு. பயிற்சி முடித்துத் தேர்வில் வென்றால் சான்றிதழும் உண்டு. இரண்டிலும் முதல் மாதம் கைக்கு வரும் பணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

நம் முன்னோர் காட்டிய வழி

கல்விக்குக் கொடுப்பது வணிகருக்குப் புதிதன்று. 1794-ல் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறத்துக்கு எழுதி வைத்தார். நெடுங்கால வழக்குக்குப் பின், 1842-ல் அவர் பெயரால் சென்னையில் பள்ளி எழுந்தது. பின்னர் காஞ்சிபுரத்திலும் அவர் பெயரில் கல்லூரிகள் உண்டாயின. அவ்வளவு செல்வம் நம்மிடம் இல்லையே என்போருக்கு விருதுநகரைக் காட்டலாம். அங்கே வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தும், வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அப்படி நடந்த க்ஷத்ரிய வித்யாசாலாவில் படித்தவர்தான் பெருந்தலைவர் காமராசர். ஒரு பிடி அரிசியால் எந்த வீட்டு உலையும் அணைந்துவிடவில்லை.

நம் கணக்கு இது

நம் மண்டிப் பையனின் படிப்பு நிற்காமல் இருக்க என்ன செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டோம். பேருந்துக்கு நாள் 60 ரூபாய் வீதம் மாதம் 22 நாளுக்கு 1,320 ரூபாய்; பத்து மாதத்துக்கு 13,200 ரூபாய். கருவிகள், பாதுகாப்புக் காலணி, புத்தகம் 2,300 ரூபாய். தேர்வுக் கட்டணம் 1,500 ரூபாய். ஆக மொத்தம் 17,000 ரூபாய். நாம் சரக்கு தரும் கடைகள் 85. ஐந்து பிள்ளைகளுக்கு இதே உதவி செய்ய ஆண்டுக்கு 85,000 ரூபாய் தேவை. கடைக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். நாள் ஒன்றுக்கு மூன்று ரூபாய் கூட ஆகவில்லை. பையில்லாமல் வருகிறவர்களுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் சணல் கயிற்றின் விலைதான் இது.

எனவே சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

1. மூட்டைக்கு ஒரு ரூபாய் வீதம் படிப்பு மகமை பிடித்து, சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் வரவு செலவை இவ்விதழில் வெளியிடுவது.

2. அந்தப் பணத்தை ரொக்கமாகத் தராமல், பயணச் செலவு, கருவி, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டும் மாதந்தோறும் கொடுப்பது. சாதி, சமயம், எந்தக் கடையின் வாடிக்கை என்று பார்க்காமல், ஏழ்மையும் வருகைப் பதிவும் மட்டுமே தகுதியாக இருக்க வேண்டும்.

3. பிளஸ் டூ முடிவு வரும் முன்பே, ஏப்ரல் மாதத்தில், சான்றுகளுக்கு விண்ணப்பிக்கும் முகாம் ஒன்றை ஞாயிறு மாலையில் நம் சங்கக் கட்டடத்தில் நடத்துவது. உதவித் திட்டங்களின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நடப்பு விதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவந்து பலகையில் எழுதிவைப்பது.

4. நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளை படிக்கச் சேர்ந்தால், வகுப்புக்கு ஏற்றபடி வேலை நேரத்தை மாற்றிக் கொடுப்பது.

நான்காவது யோசனைதான் நமக்குக் கசக்கும். "படித்தால் கடையை விட்டுப் போய்விடுவானே, நமக்கு ஆள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நாமும் அன்று அதைத்தான் நினைத்தோம். ஆனால் நாம் நேரம் கொடுக்காததால் அவன் கடையில் நின்றுவிடவில்லை. கடையையும் விட்டான், படிப்பையும் விட்டான். நமக்கும் ஆள் இல்லை, அவனுக்கும் தொழில் இல்லை. இரு பக்கமும் நட்டமான வியாபாரத்தை மறுபடி செய்கிறவன் வணிகனா?

சென்ற வாரம் அந்தப் பையனை அழைத்துப் பேசினோம். வயது இருபத்தொன்றுதான் ஆகிறது. அடுத்த சேர்க்கையில் விண்ணப்பிக்கச் சொல்லி, சான்றுகளுக்கு நம் கணக்குப்பிள்ளையைத் துணைக்கு அனுப்பியிருக்கிறோம். லாரிக்காரரிடம் பேசி, சரக்கு இறக்கும் நேரத்தை மாலை நான்கு மணிக்கு மாற்றிவிட்டோம். மாற்ற ஆன செலவு ஒரு தொலைபேசி அழைப்பு. இதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம்.

வணிகப் பெருமக்களே! உங்கள் கடையிலும் அப்படி ஒரு பிள்ளை பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கலாம். இன்று கல்லாவை மூடுமுன் அவனிடமோ அவளிடமோ, "மேலே என்ன படிக்க ஆசை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றதைச் சங்கக் கூட்டத்தில் பேசுவோம்.