‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆவது ஏன்?

நேற்று ஈப்போ சென்றதைச் சொல்ல வந்த பேரா தோட்டப்புறப் பிள்ளை, ‘வாக்’ ‘வாக்ட்’ ஆவதுபோல் ‘கோ’வைக் ‘கோட்’ ஆக்கினால் எள்ளுதல் தகாது. தமிழில் போகிறான், போனான், போவான் என முக்காலத்தும் ‘போ’ நிற்கும். மலாயிலோ நேற்றும் நாளையும் ‘பெர்கி’யே.

ஆங்கிலத்து ‘வென்ட்’, ‘வெண்டு’ என்னும் வேறொரு பழைய வினையின் இறந்தகால வடிவம். 15-ஆம் நூற்றாண்டளவில் அது ‘கோ’வுக்கு உரியதாயிற்று.

ஏவலிலும், ‘வில்’ சேர்ந்த எதிர்காலத்திலும் ‘கோ’ மாறாது. அவன், அவள் என வரின் நிகழ்காலத்தில் ‘கோஸ்’. ‘ஹேவ்’ உடன் ‘கான்’. ‘டிட்’ முன்வரின் காலத்தை அதுவே காட்டுதலின், பின்வருவது ‘கோ’வேயன்றி ‘வென்ட்’ அன்று.

ஆங்கிலேயக் குழந்தைகளும் தொடக்கத்தில் ‘கோட்’ என்பதுண்டு. விதியை உணர்ந்த பிள்ளையே விதிவிலக்கில் இடறும். அவ்வுணர்வைப் பாராட்டி, விலக்கை விளக்குவதே ஆசிரியர் கடன்.