சினாப்சிஸ் தேதியில் தொலையும் அமெரிக்க ஆய்வு

சதுப்புநில மண்ணில் எவ்வளவு கரிமம் புதைந்திருக்கிறது என்று அளக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, சொந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்கத் தெரியவில்லை. காலநிலை ஆய்வாளர்களுக்கான ஃபுல்பிரைட்-கலாம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். ஆய்வுத் திட்டம் பளிச்சென்று இருக்கும். கூட வைத்த காகிதம் கோணலாக இருக்கும்.

அப்துல் கலாம் பெயரில் இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து ஏற்படுத்திய திட்டம் இது. நடத்துவது அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை. தலைமையகம் டெல்லியில், கிளை சென்னையிலும் உண்டு. பிஎச்.டி. மாணவர் 6 முதல் 9 மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்யலாம். எல்லாப் பிரிவும் எல்லா ஆண்டும் திறப்பதில்லை. சீனியர் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகைக்கும் கீழே சொல்வது ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

விண்ணப்பத்தோடு பல்கலைக்கழகம் கையெழுத்திட்டுத் தர வேண்டிய படிவம் ஒன்று உண்டு. பதிவு செய்த தேதி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக்கூடிய கடைசித் தேதி, போய்வர ஆட்சேபணை இல்லை என்ற ஒப்புதல் மூன்றும் அதில் வேண்டும். வம்பு நடுவில் இருக்கும் தேதியில்தான். உதவித்தொகைக் காலம் முடிந்து மூன்று மாதமாவது கழித்துத்தான் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட வேண்டும். கைடோ, மாணவர் சீக்கிரம் முடித்துவிடுவார் என்று பெருமையாக முந்தைய தேதியைப் போட்டுக் கொடுப்பார். அலுவலக உதவியாளர் அதை அப்படியே தட்டச்சு செய்வார். விண்ணப்பம் தகுதி இழக்கும். சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்கும் அவசரத்தில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். சமர்ப்பிக்கும் காலம் நீட்டிக்கப்பட வேண்டுமானால், நீட்டிப்பு ஆணையை முதலில் வாங்குங்கள், படிவத்தைப் பிறகு நீட்டுங்கள்.

கடைசி நாள் பெரும்பாலும் ஜூலையில் வரும். மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை. ஜூனில் ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் அட்மிஷனில் மூழ்கியிருக்கும். "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார்கள்; எந்த மேலே என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மார்ச்சிலேயே மனு கொடுங்கள். டெஸ்பாட்ச் பிரிவில் சீல் போட்ட நகலையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒப்புகை தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். வேலையில் இருப்பவர்கள், விடுப்பு தருவோம் என்ற நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலை உரிய வழியில் பெற வேண்டும். துறைத்தலைவர் வாயால் சொன்ன சம்மதம் செல்லாது. அமெரிக்கப் பேராசிரியரிடம் வாங்கும் அழைப்புக் கடிதத்தில் உங்கள் ஆய்வுத் தலைப்பும் வந்து தங்கும் மாதங்களும் இருக்கட்டும். "வரவேற்கிறோம்" என்ற ஒற்றை வரியால் பயனில்லை.

அடுத்தது மாதிரிகள். பிச்சாவரத்துச் சேற்றைச் சிறு குப்பிகளில் அடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தில் தாவரமும் விலங்கும் மட்டுமல்ல, நுண்ணுயிரும் உயிரியல் வளம்தான். அவற்றை ஆய்வுக்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். அந்த ஆணையம் இருப்பதே சென்னை தரமணியில்! அங்கே போய்க் கேட்க நம்மவர்களுக்கு நேரமில்லை. விதிகளும் படிவங்களும் மாறிவருவதால் பழைய படிவத்தை நகலெடுக்காதீர்கள். சேகரித்தது வனத்துறைப் பகுதியிலென்றால் அவர்கள் அனுமதிக் கடிதமும் வேண்டும். அந்தப் பக்கம், வெளிநாட்டு மண்ணை உள்ளே விட அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி தேவை. அது உங்களை அழைக்கும் ஆய்வகத்திடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் மாதிரியைத் தொடாதீர்கள். தரவுக்கும் இதே கவனம்: இந்திய வானிலைத் துறையிடம் உறுதிமொழி கொடுத்து வாங்கிய மழைக் கணக்கை அங்குள்ள ஆய்வகத்துக்குக் கொடுக்கும் முன், நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள் என்று படித்துப் பாருங்கள்.

போகிறவர்களுக்குக் கிடைப்பது ஜே-1 விசா. அதில் இரண்டாண்டு தாயக விதி உண்டு. இந்தியாவில் மொத்தம் இரண்டாண்டு இருந்து கழிக்கும்வரை எச்-1பி, எல் விசாக்களோ கிரீன் கார்டோ கிடைக்காது. சுற்றுலாவுக்கோ மாணவர் விசாவில் படிக்கவோ போக இந்த விதி தடையில்லை. உடன்செல்லும் துணைவரையும் இது கட்டும். "நோரி என்ற ஆட்சேபணையின்மைச் சான்றிதழ் வாங்கினால் விலக்கு கிடைத்துவிடும்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். அமெரிக்க அரசுப் பணத்தில் போனவர்களுக்கு அந்த வழியில் விலக்கு கிடைப்பது மிக அரிது. திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர்கள் இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் யோசியுங்கள். விசாப் பக்கத்திலும் டிஎஸ்-2019 படிவத்திலும் என்ன குறித்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் நகலெடுத்து வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தேர்வானவருக்கு விசா கட்டணமும் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணமும் கூட விலக்கு. "இடம் ஒதுக்கிவிட்டோம், புராசசிங் ஃபீஸ் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருபவன் திருடன். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு பரிமாற்றத் திட்டங்களுக்கான பணத்தைச் சில காலம் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூனில் ஃபுல்பிரைட் வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் ராஜினாமா செய்தார்கள். ஆகவே இது ஒன்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை வளரும் நாட்டவர்க்குத் தனியாகக் காலநிலைப் பாதுகாப்பு உதவித்தொகை தருகிறது. அதற்கும் அங்குள்ள ஒருவரின் அழைப்புக் கடிதம் முதலில் வேண்டும்.